திருகில்லாத கம்மல்

நகைக்கடையில் எல்லோருக்கும் அவள் தூசியக்கா. மூன்றாவது மாடியில், ஜன்னலைக் கறுப்பு அட்டையால் அடைத்த ஒரு சின்ன அறையில், மோதிரத்தையும் கம்மலையும் மூக்குத்தியையும் படம் எடுப்பது அவள் வேலை. யார் கதவைத் தள்ளினாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது ஒரு கத்தல்தான்: "மெதுவா, மெதுவா! தூசி!" அந்தக் கத்தலே அவளுக்குப் பெயராகிவிட்டது.

எப்போதும் கறுப்பில்தான் வேலைக்கு வருவாள். பளபளக்கிற உலோகம் ஒரு கண்ணாடி. எதிரே நிற்கிறவர் சிவப்பு உடுத்தியிருந்தால் வெள்ளி மோதிரத்தில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். அதனால் கறுப்பு. பேருந்து நிறுத்தத்தில் தினமும் அவளைப் பார்க்கும் ஒரு பெண்மணி ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களாம்மா? ரொம்ப நாளா பாக்குறேன், கறுப்பாவே போடுறீங்களே."

"தினமும் ஏகப்பட்ட தூசி செத்துப் போகுதுங்க. அதுக்குத்தான்."

மறுநாளிலிருந்து அந்தப் பெண்மணி நிறுத்தத்தின் அடுத்த கோடியில் நிற்க ஆரம்பித்தாள்.

சின்னப் பொருளைப் படம் எடுப்பது என்றால் கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். கிட்டே போகப் போகக் கூர்மை மெலிந்துகொண்டே போகும். கல்லின் நுனி தெளிவாக இருந்தால் அதைப் பிடித்திருக்கும் கொக்கி மங்கும். கொக்கியைத் தெளிவாக்கினால் கல் கலங்கும். அதனால் ஒரே கம்மலை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் பல படங்களாக எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த பகுதியைக் கணினியில் சேர்த்துத் தைக்க வேண்டும். தெருவில் லாரி போனால் மேசை அதிரும், மறுபடி முதலிலிருந்து. விளக்கை நேராகக் காட்டினால் உலோகத்தில் வெள்ளையாக ஓட்டை விழும். டிரேசிங் தாளைக் கூடாரம்போல வளைத்து, விளக்கை அதற்கு வெளியே வைத்து, உள்ளே வெளிச்சத்தைப் பாலாகப் பரவ விடுவாள். அந்தப் பாலில் பொருளின் விளிம்பே கரைந்துபோகும் என்பதால் இரண்டு பக்கமும் கறுப்பு அட்டைத் துண்டுகளை நிறுத்துவாள். அட்டையின் நிழல் உலோகத்தில் மெல்லிய கோடாக விழும்போதுதான் மோதிரத்துக்கு உடம்பு வரும்.

இதெல்லாம் கொஞ்ச நேரத்து வேலை. மிச்ச நேரமெல்லாம் சுத்தம் செய்வதுதான். கண்ணுக்குத் தெரியாத தூசி கேமராவுக்குப் பாறாங்கல். பஞ்சு, மென்மையான தூரிகை, ஸ்பிரிட், சவர பிளேடு, பிறகு ஒரு சாம்பல் நிறப் பசை உருண்டை. பிசைந்தால் களிமண்போல வளையும். மோதிரத்தை நிமிர்த்தி நிறுத்த அதில் ஒரு துளி போதும். ஒவ்வொரு பொருளும் முடிந்ததும் அதே உருண்டையால் மேசையை ஒற்றி ஒற்றி எடுப்பாள். உதிர்ந்த துகளெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அந்த உருண்டையை அவள் மாற்றியதே இல்லை. அதற்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் "அக்காவோட சாப்பாட்டு உருண்டை."

இந்த வேலைக்கு வருமுன் அவள் ஒரு ஸ்டூடியோவில் ஆட்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அதை விட்டதற்குக் காரணம் உண்டு. கறுப்பாக இருக்கிற பெண்களின் படத்தை வெளுப்பாக்கித் தரவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கேட்காமலே வெளுப்பாக்குவார்கள். ஒருநாள் ஒரு பெண் தன் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நான்தானா?" என்று உண்மையாகவே கேட்டாள். அன்று சாயங்காலம் அக்கா ஸ்டூடியோக்காரரிடம் சண்டை போட்டாள்.

"மூஞ்சி என்ன பாத்திரமா, தேய்ச்சுக் குடுக்க?"

"வர்றவங்க அதைத்தாம்மா விரும்புறாங்க."

"விரும்ப வெச்சது யாரு? நீங்கதானே?"

அதோடு சரி. மனிதர்களை விட்டுவிட்டுப் பொருள்களுக்கு மாறினாள். பொருளைத் தேய்த்தால் அதற்கு அவமானம் கிடையாது என்று நிம்மதியாக இருந்தாள். அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். "நான் ஆளுங்களை மேலே ஏத்துறேன், நீ விலையை மேலே ஏத்துறே. ஊரு உருப்பட்டாப்லதான்" என்பார். அவள் காதில் எதுவும் போடுவதில்லை. குத்திய துளைகூடத் தூர்ந்துபோயிருந்தது.

ஊருக்கு வெளியே மழைக்கோட்டு தைக்கிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஒரு பிற்பகலில் அது எரிந்தது. மழைக்கோட்டு பிளாஸ்டிக், தீப்பிடித்தால் எரிவதற்கு முன் உருகும், உருகிச் சொட்டும். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். பின்கதவு வெளியே பூட்டியிருந்தது. வேலை நேரத்தில் யாரும் எழுந்து வெளியே போய்விடக் கூடாது, யாரும் ஒரு துண்டுத் துணியைத் திருடிவிடக் கூடாது என்பதற்காகப் பூட்டியது.

தொலைக்காட்சியில் தொழிற்சாலை முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் விதி" என்றார். விதிக்குப் பூட்டத் தெரியாது. பூட்டுக்கு ஒரு சாவி வேண்டும், சாவியைப் போட்டுக்கொள்ள ஒரு சட்டைப்பை வேண்டும், அந்தச் சட்டைக்குள் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்றும் நடந்தது. வேலைக்கு ஆட்களைக் கொண்டுவந்துவிட்டவர் ஒரு கான்டிராக்டர். எந்தப் பெண்ணின் பெயரையும் அவர் எங்கேயும் பதியவில்லை. ஆகவே கம்பெனி சுலபமாகச் சொன்னது: யார் உள்ளே இருந்தார்கள் என்று நிரூபிக்கிறீர்களோ, அவர்கள்தான் எங்கள் ஆட்கள்.

உடல்களைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்து முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அடையாளம் தெரியாதவர்களை ஒன்றாகப் புதைத்துவிடுவதாக ஏற்பாடு. மிஞ்சியது அவர்கள் உடம்பில் இருந்த சின்னச் சின்ன உலோகங்கள்தான். அவற்றைப் படம் எடுத்துக் குடும்பங்களுக்குக் காட்டலாம் என்று யோசித்த அரசுப் பெண் அதிகாரி ஒருவர், நேரே நகைக்கடை முதலாளியிடம் வந்தார். "தாராளமா எடுக்கட்டும் மேடம். நல்ல காரியம். கீழே ஓரமா நம்ம கடைப் பேரு வருமா?" என்று கேட்டார் முதலாளி. அதிகாரி மாடிப்படி ஏறினார்.

"தெளிவா எடுத்துக் குடுங்க" என்று அக்காவிடம் பைகளைக் கொடுத்தார். வேறெதுவும் சொல்லவில்லை. எப்படி எடுக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது.

ஒவ்வொரு பையின் மேலும் ஒரு எண், கிடைத்த இடம்; உள்ளே ஒரு பொருள். மோதிரம், கைக்கடிகாரம், மூக்குத்தி, கம்மல். எல்லாவற்றின் மேலும் கரியும், உருகி இறுகிப்போன மழைக்கோட்டுப் பிளாஸ்டிக்கும் அப்பியிருந்தன. அக்கா முதல் பையைத் திறந்து பார்த்தாள். பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டாள். கோடீஸ்வரிகளின் நகைக்குச் செய்ததில் ஒன்றைக்கூட இவற்றுக்குக் குறைக்கக் கூடாது என்று முடிவு செய்தாள். உயிரோடு இருக்கும்போது யாரும் இந்தப் பெண்களுக்கு இவ்வளவு வெளிச்சம் போட்டுப் பார்த்ததில்லை. இப்போதாவது பார்க்கட்டும்.

கரியைத் தூரிகையால் தட்டினாள். ஸ்பிரிட்டால் துடைத்தாள். பிளாஸ்டிக்கைப் பிளேடால் சுரண்டினாள். பூ வடிவத்தில் ஒரு ஒற்றைக் கம்மல் மட்டும் ரொம்ப நேரம் எடுத்தது. அதன் பின்புறத் தண்டில் ஒரு நீலக் கட்டி இளகி ஒட்டிக்கொண்டிருந்தது. நீல மழைக்கோட்டு என்று நினைத்தாள். பிளேடின் நுனியை நுழைத்து நெம்பியதும் அது இரண்டாகப் பிளந்து மேசையில் விழுந்தது. வழக்கம்போலக் கூட்டித் தள்ளினாள், வழக்கம்போல மேசையைப் பசை உருண்டையால் ஒற்றி எடுத்தாள். பிறகு டிரேசிங் தாள் கூடாரம், பால் வெளிச்சம், கறுப்பு அட்டை. கம்மல் ஜொலித்தது. அவள் எடுத்ததிலேயே நல்ல படங்கள் அவை என்று அவளுக்குத் தோன்றியது.

படங்களைப் பெரிதாக அச்சடித்து ஒரு பொதுக்கூடத்தின் சுவரெங்கும் மாட்டினார்கள். அக்கா ஒரு தூணோரம் நின்று பார்த்தாள். குடும்பங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்றன. நகர்ந்தன.

கட்டட வேலைக்காரர் ஒருவர் ஒரு படத்தைக் காட்டிக் கேட்டார்: "இது என்னங்க, தட்டா?"

"மூக்குத்திங்க."

"மூக்குத்தியா? இதைப் போட்டா மூக்கு எங்க இருக்கும்?"

பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டு, எங்கே நிற்கிறோம் என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். அந்த மனிதர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க வீட்டுல இவ்வளவு பளபளப்பா எதுவுமே இருந்ததில்லீங்க" என்று சொல்லிவிட்டு, ஏதோ தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர்போல வெளியே போனார்.

அக்காவுக்கு அங்கேதான் முதல் அடி விழுந்தது. இரண்டாவது அடியை ஒரு மாவு மில்லில் வேலை பார்க்கும் அம்மா கொண்டுவந்தார். வேலை நடுவில் ஓடி வந்திருக்கிறார். புருவம், காது மடல், கழுத்து மடிப்பு எல்லாம் மாவு. பூக் கம்மலின் படத்துக்கு முன்னால் நின்றவர் நகரவில்லை. அதிகாரி பக்கத்தில் போனார்.

"தெரியுதாம்மா?"

"எம் பொண்ணுது மாதிரிதான் இருக்கு. அஞ்சு இதழு. நடுவுல புள்ளி." கண்ணைச் சுருக்கினார். "பின்பக்கம் காட்டுங்க."

பின்பக்கத்தின் படமும் பக்கத்திலேயே இருந்தது. அந்த அம்மா அதைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. பிறகு சிரித்தார். அந்தக் கூடத்தில் அன்று சிரித்த ஒரே தாய் அவர்தான்.

"இது அவ இல்ல மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவ இடது கம்மல்ல திருகைத் தொலைச்சுட்டா. புதுசு வாங்கலாம்டின்னேன். 'அட போம்மா, பின்னாடி யாரு பாக்கப் போறா'ன்னுட்டு, நீல ரீஃபிலை வெட்டிச் சொருகிக்கிட்டா. பேனா ரீஃபிலு. இதுல எதுவும் இல்லையே. சுத்தமா இருக்கே. கான்டிராக்டர் சொன்னது சரிதான். அன்னிக்கு அவ வேலைக்கே வரலையாம். எவன்கூடவோ ஓடிப்போயிட்டாளாம்." குரல் ஏறிக்கொண்டே போனது. "ஓடட்டும் மேடம்! எங்கயாவது உசிரோட கிடந்தா சரி. வரட்டும் கழுதை, முதுகுத் தோலை உரிச்சுடறேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பியவர் எதிரே கறுப்பு உடையில் நின்ற அக்காவைப் பார்த்தார். முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் யாரையாச்சும் தேடி வந்தியாம்மா?"

அக்காவின் கண் அந்தப் பின்பக்கப் படத்திலேயே இருந்தது.

"கிடைக்கவே கூடாது உனக்கு. நான் வேண்டிக்கிறேன்."

அவர் போன பிறகு அக்காவின் மணிக்கட்டில் ஐந்து விரலின் மாவுத்தடம் இருந்தது.

அவள் நேரே அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நீலம் இருந்தது, நான்தான் சுரண்டினேன் என்றாள். அதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த நீலம் இப்ப எங்க?"

"குப்பையில போயிருக்கும்."

"உங்க வாய்ச் சொல்லை வெச்சு ஒரு பொண்ணு செத்துட்டான்னு நான் முடிவு பண்ண முடியாதும்மா. அங்க தெச்ச கோட்டும் நீலந்தான். கம்பெனி வக்கீல் முதல் கேள்வியா அதைத்தான் கேப்பாரு. இந்தக் கம்மல் தெருவுக்குத் தெரு விக்குது. அந்த அம்மாவே இல்லைன்னுட்டாங்க. அந்தப் பொண்ணு உள்ளே இருந்தாங்கிறதுக்கு வேற எந்தத் தடயமும் கிடையாது." கொஞ்சம் நிறுத்தி, "ஏம்மா துடைச்சீங்க?" என்று கேட்டார். கோபமாக அல்ல. அதுதான் தாங்க முடியவில்லை.

கடைக்கு ஓடினாள். குப்பைக்கூடை காலியாகக் கழுவிக் கவிழ்த்திருந்தது. "என்னக்கா, தூசியைத் தேடுறீங்களா? நீங்களா?" என்று துப்புரவு செய்யும் பெண் வேடிக்கையாகக் கேட்டாள். அக்கா படியில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"விட்டுடேன்."

"எதை?"

"அந்தம்மா பொண்ணு ஓடிப்போச்சுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கட்டுமே. உசிரோட இருக்குன்னு ஒரு நெனப்பு. அதைப் போய் ஏன் பிடுங்குற?"

"அது நெனப்பு இல்லீங்க. வாசல்ல ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் எழுந்திரிக்கணும். சாகுற வரைக்கும் எழுந்திரிக்கணும்."

"அது அவங்க பாடு."

"அந்தப் பொண்ணு பாடு? பூட்டுன கதவை இடிச்சு இடிச்சுச் செத்திருக்கு. அதைப் போய் ஓடுகாலின்னு பேரு வெச்சுட்டு ஒருத்தன் சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போறான். அதுக்கு நான் ஸ்பிரிட் ஊத்திக் குடுத்திருக்கேன்."

வேடிக்கை பேசத் தெரிந்த மனிதர் அன்று தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

மறுநாள் காலை அக்கா அதிகாரியிடம் பைகள் எல்லாவற்றையும் திரும்பக் கேட்டு வாங்கினாள். டிரேசிங் தாள் கூடாரத்தைக் கழற்றிச் சுருட்டி மூலையில் போட்டாள். மேசைக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேசை மட்டத்துக்கே தாழ்த்தி, ஒரே ஒரு வெறும் விளக்கை வைத்தாள். நகைப் படம் எடுப்பவர்கள் செய்யவே கூடாது என்கிற காரியம் அது. பக்கவாட்டு வெளிச்சத்தில் கீறல் ஒவ்வொன்றும் பள்ளத்தாக்காக விழும். இத்தனை வருடங்களாக அவள் மறைத்துக்கொண்டிருந்தது அந்தப் பள்ளங்களைத்தான். இப்போது அவை வேண்டியிருந்தன. பொருள்களைத் தன் கைமேல் வைத்து, அவற்றின் உண்மையான அளவிலேயே எடுத்தாள். மோதிரங்களைத் தன் விரலில் மாட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தப் பெண்கள் அறைக்குள் வந்தார்கள். ஒரு மோதிரத்தின் அடிப்பக்கம் தையல் ஊசியைத் தள்ளித் தள்ளிக் குழி குழியாகத் தேய்ந்திருந்தது. ஒரு கடிகாரத்தின் வாரில், அதிலிருந்த துளைகள் போதாமல் ஆணியால் போட்ட புதுத்துளை; கைகள் மெலிந்துகொண்டே வந்திருக்கின்றன. ஒரு மூக்குத்தியின் தண்டு பல்லால் கடித்து நிமிர்த்தப்பட்டிருந்தது. துடைப்பதற்கு முன் இன்னும் என்னென்ன இருந்தனவோ. போனது போனதுதான்.

இந்தப் படங்களை மாட்டிக் குடும்பங்களை மறுபடி அழைத்தபோது கூடத்தில் அழுகை எழுந்தது. கட்டட வேலைக்காரர் கடித்து நிமிர்த்திய மூக்குத்தியைப் பார்த்து, "பல்லு உடையப் போகுதுன்னு திட்டுனேனே" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு குடும்பமாக வந்து தன் பிள்ளையை எடுத்துக்கொண்டு போயிற்று. மாவு மில் அம்மா வரவில்லை. அவருக்கு வர வேண்டிய அவசியம் இல்லையே.

பூக் கம்மலை அக்கா கடைசிவரை தள்ளிப்போட்டாள். அதன் பின்பக்கத்தை எடுக்க வேண்டும். கையில் படுக்க வைத்தால் சரிப்படாது, நிமிர்ந்து நிற்க வேண்டும். பசை உருண்டையை எடுத்துப் பிசைந்தாள். கட்டைவிரலில் ஏதோ குத்தியது.

சாம்பல் நிறத்துக்குள் ஒரு நீலக் கூர்.

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். பிறகு உட்கார்ந்து, மூச்சை அடக்கி, இடுக்கியால் பசையை இழை இழையாகப் பிரித்தாள். பிளந்த கட்டியின் ஒரு பாதி. அதைக் கேமராவுக்குக் கீழே வைத்தாள். இதற்கு மட்டும் பழைய முறையும் வேண்டியிருந்தது, புது முறையும் வேண்டியிருந்தது. பக்கவாட்டு விளக்கு, எதிர்ப்பக்கம் ஒரு துண்டு டிரேசிங் தாள். முன்னிருந்து பின்னுக்கு மயிரிழை மயிரிழையாக நகர்த்தி எடுத்தாள். கீழே தெருவில் லாரி போகும்போதெல்லாம் காத்திருந்தாள். கணினியில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தபோது திரை முழுக்க அது தெரிந்தது.

மழைக்கோட்டுத் துணி தட்டையானது. இது வளைந்திருந்தது. பாதியாகப் பிளந்த குழாய். உள்பக்கம் காய்ந்துபோன மையின் கருநீலக் கோடு. ஒரு முனை இளகியிருந்தது. காது மடல் மூடிக் காத்த மறு முனை இளகவில்லை. அங்கே கத்தரியின் வெட்டு அப்படியே இருந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோணலாக. கம்மல் தண்டில் இருந்த திருகு வரிகள் குழாயின் உட்புறத்தில் பதிந்திருந்தன. தண்டின் படத்தையும் குழாயின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரிக்கு வரி பொருந்தியது.

அதிகாரி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இதை வக்கீல் மழைக்கோட்டுன்னு சொல்லட்டும் பாக்கலாம்" என்றார். பிறகு, "அந்த அம்மாவை ஆள் விட்டு வரச் சொல்றேன்" என்றார்.

"வேண்டாம். நானே போறேன்."

மாவு மில் ஒரு குறுகலான சந்தின் கடைசியில் இருந்தது. சுவர், பெல்ட், தராசு, ஒட்டடை எல்லாம் ஒரே வெள்ளை. உள்ளே நுழைந்ததும் அக்காவின் கறுப்பு உடையிலும் மாவு படியத் தொடங்கியது. எந்திரத்தின் இரைச்சலில் எதுவும் கேட்காது. அந்த அம்மா தானியத்தைக் கொட்டிக்கொண்டே நிமிர்ந்தார். கூடத்தில் பார்த்த முகம் என்று தெரிந்ததும் சிரித்தபடி கையை உயர்த்திச் சைகையிலேயே கேட்டார்: கிடைச்சுதா?

அக்கா ஆமென்று தலையசைத்தாள். கையிலிருந்த காகித உறையை நீட்டவில்லை. ஆனால் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அந்த அம்மாவின் பார்வை உறைக்குப் போனது, பிறகு அக்காவின் முகத்துக்கு. சிரிப்பு வாயிலேயே நின்றது.

"இரு" என்றார். இரைச்சலில் உதடு மட்டும்தான் தெரிந்தது. "பாதி அரைஞ்சு கிடக்கு."

வாளியோடு காத்திருந்தவருக்கு முழுதாக அரைத்து, தட்டிக் கொட்டி, மூடியை அழுத்திக் கொடுத்தார். அந்த வேலை முடியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்பதுபோல மெதுவாகச் செய்தார். பிறகு எந்திரத்தை நிறுத்தினார். பெல்ட் இரண்டு சுற்று தானாகச் சுற்றி ஓய்ந்தது.

"காட்டு."

படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் அந்தக் கோணல் வெட்டின் மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்தார்.

"கோணலாத்தான் வெட்டுவா. பாவாடைக்கு அளவு வெட்டுனாலும் கோணல்தான். இவ எப்படித் தையல் வேலைக்குப் போறான்னு சிரிப்பேன்." பிறகு, "அன்னிக்கு இது இல்லையே?" என்றார்.

"இருந்துச்சும்மா. நாந்தான் அழுக்குன்னு நெனைச்சுச் சுரண்டிட்டேன்."

"அழுக்குன்னு."

"ஆமாம்மா."

அந்த அம்மா அவளை அடித்திருக்கலாம். அக்கா அதற்குத் தயாராகத்தான் நின்றாள். அவர் தராசின் மேடையில் உட்கார்ந்தார். முள் ஒருமுறை ஆடி நின்றது.

"சுரண்டுனதோட விட்டிருக்கக் கூடாதா? எதுக்கு மறுபடி கண்டுபிடிச்சே?"

அக்காவிடம் நியாயங்கள் எல்லாம் இருந்தன. கான்டிராக்டரின் பொய், கம்பெனியின் சட்டம், வக்கீலின் கேள்வி. ஒன்றும் அந்த இடத்தில் எடுபடாது. கண்ணீரை மட்டும் நிறுத்த முடியவில்லை.

சந்தில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. அந்த அம்மா பழக்கத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, இனி பார்க்க வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்ததுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க கிடந்தா?"

"பின்கதவுகிட்ட."

"பூட்டுன கதவா?"

"ஆமாம்மா. எல்லாருக்கும் முன்னாடி, கதவை ஒட்டி."

"அப்ப ஓடிப்போகல எவன்கூடவும்."

"இல்லம்மா."

அவர் எழுந்தார். மேலே தொங்கிய துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஈரம் பட்ட இடத்தில் மாவு குழைந்து வெள்ளைக் கோடாக இழுபட்டது. "அந்தக் கான்டிராக்டர் வீட்டுக்குப் போற வழி எனக்குத் தெரியும்" என்றார். "முதல்ல அங்க. தெருவுல நின்னு சொல்லணும். தெரு முழுக்கக் கேக்கணும். அப்புறம் உங்க மேடத்துகிட்ட. அப்புறம் எம் பொண்ணை வாங்கிக்கிறேன். வர்றியா?"

"வர்றேன்."

கம்பெனி கடைசியில் அந்தப் பெண்ணைத் தன் ஆள் என்று ஒப்புக்கொண்டது. கதவைப் பூட்டியவர்மேல் வழக்கு நடக்கிறது, மெதுவாக. அந்தப் பூட்டைப் படம் எடுக்கச் சொல்லி யாரும் அக்காவிடம் கொடுக்கவில்லை. எடுத்திருந்தால் நன்றாக வந்திருக்கும். புதுப் பூட்டு, ஒரு கீறல்கூட இருந்திருக்காது.

அன்று மில்லைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது அந்த அம்மா படத்தை அக்காவிடம் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்க, என் கையெல்லாம் மாவு" என்றார். கோணல் வெட்டின் மேல் வெள்ளையாக ஒரு விரல் ரேகை படிந்திருந்தது. அக்காவின் உதடு தானாகவே குவிந்தது, ஊதுவதற்கு. ஊதவில்லை. படத்தைச் சாய்க்காமல், மாவு கொட்டிவிடாமல், இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள்.